ஆற்றில் படகா, ஏரியில் படகா? மினியாபோலிஸ்–செயின்ட் பாலுக்குக் குடிவருவோருக்கு

மினசோட்டாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் குளிர்காலத்தைக் கனத்த கோட்டுக்குள்ளும் ஹீட்டர் பக்கத்திலுமாகக் கழித்துவிடுகின்றன. படகு ஆசை பிறப்பது மே மாதத்தில். பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டுப் படகைத் துடைத்துக்கொண்டிருப்பார், பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள், அத்தோடு வீட்டில் நிம்மதி போச்சு. 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 என்று மாநில அரசு கணக்கு வைத்திருக்கும் ஊர் இது. அது போதாதென்று இரட்டை நகரத்தின் நடுவே மிசிசிப்பி ஓடுகிறது. கிழக்கே விஸ்கான்சின் எல்லையாக செயின்ட் கிராய் ஆறு.

எங்கே படகு விடுவது என்று யாரைக் கேட்டாலும் அவரவர் விடும் இடத்தைத்தான் சொல்வார்கள். என் கணக்கு வேறு. ஆற்றில் நம்மைச் சோதிப்பது தண்ணீர். ஏரியில் சோதிப்பவர்கள் மனிதர்கள். எந்தச் சோதனை உங்கள் குணத்துக்கு ஒத்துவரும் என்று பார்த்துவிட்டால் பாதி முடிவு கிடைத்துவிடும். மீதிப் பாதி உங்கள் வீட்டு முகவரியில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

வீடு மேற்கிலா, கிழக்கிலா?

இங்கே படகுப் பருவம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடிகிறது. ஏறக்குறைய ஐந்து மாதம். அதில் மழை, காற்று, பிறந்தநாள் விருந்து, இந்தியப் பயணம் எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சும் வார இறுதிகள் கொஞ்சம்தான். ஒரு வழிக்கே முக்கால் மணி நேரம் காரோட்ட வேண்டிய இடத்தில் படகை வைத்தால், ஜூலைக்குப் பிறகு அது அங்கேயேதான் நிற்கும்.

பிளிமத், ஈடன் பிரெய்ரி, மினடோங்கா பக்கம் வீடு என்றால் மினடோங்கா ஏரி உங்களுக்குக் கூப்பிடு தூரம். உட்பரியிலோ அதைச் சுற்றியோ வீடு பிடித்திருந்தால் ஆஃப்டன், ஹட்சன், ஸ்டில்வாட்டர் ஆகிய செயின்ட் கிராய் கரையூர்கள் பக்கம். ஈகன், ஆப்பிள் வேலி போன்ற தெற்குப் புறநகர்களில் இருப்பவர்களுக்கு ஹேஸ்டிங்ஸ் வழியாக மிசிசிப்பி கைக்கெட்டும். நகரின் குறுக்கே 494 நெடுஞ்சாலையில், வெள்ளிக்கிழமை மாலை, பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போக யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன்.

மினியாபோலிஸ் நகருக்குள்ளேயே அபார்ட்மென்ட் எடுத்தவர்களுக்கு விஷயம் இன்னும் எளிது. பிடே மக்கா ஸ்கா, ஹேரியட், நோகோமிஸ் போன்ற நகர ஏரிகளில் பெட்ரோல் எஞ்சின் படகுகளுக்கு அனுமதி இல்லை. கயாக், கனூ, பாய்மரப் படகு, துடுப்புப் பலகை போன்றவைதான். பூங்கா வாரியம் கயாக் வைக்கும் தாங்கிகளை வாடகைக்கு விடுகிறது. ஆசை இந்த அளவில் அடங்குமானால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 10 அடிக்கு மேல் நீளமான கயாக்குக்கும் இந்த மாநிலத்தில் பதிவு வேண்டும்.

மினடோங்கா: தண்ணீர் சாது, கூட்டம்தான்…

வரைபடத்தில் மினடோங்காவைத் தேடினால் ஒரே ஏரியாகத் தெரியாது. குடாக்களும் தீபகற்பங்களும் குறுகிய வாய்க்கால்களுமாக, சுமார் 14,500 ஏக்கர். கரையின் நீளம் ஏறத்தாழ 125 மைல். ஒரு குடாவில் அலையடிக்கும்போது வாய்க்காலைக் கடந்து அடுத்த குடாவுக்குப் போனால் நீர் கண்ணாடியாகக் கிடக்கும். புதிதாகப் படகு ஓட்டப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. நீரோட்டம் இல்லை. எஞ்சின் நின்றுபோனால் காற்று தள்ளும் பக்கம் மெதுவாக ஒதுங்குவீர்கள். நங்கூரத்தைப் போட்டுவிட்டு உதவிக்கு அழைக்க நேரம் இருக்கும். நீர்மட்டமும் ஆற்றைப் போல ஏறி இறங்குவதில்லை. ஏரியின் மிகுநீர் கிரேஸ் குடாவில் உள்ள சிற்றணை வழியாக மினஹாஹா ஓடையாகி, புகழ்பெற்ற மினஹாஹா அருவியில் விழுந்து, மிசிசிப்பியில் சேர்கிறது. ஏரிக்காரர்களும் கடைசியில் ஆற்றுக்குத்தான் நீர் விடுகிறார்கள்.

சோதனை எங்கே என்றால், ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நடு ஏரியில். வேக்போர்டு படகுகள் வேண்டுமென்றே பெரிய பின்னலையை எழுப்பிக்கொண்டு ஒரு பக்கம். இசையை அலறவிட்ட பான்டூன் என்ற தட்டைத்தளப் படகுகள் மறு பக்கம். எல்லாருடைய அலைகளும் குறுக்கும் நெடுக்குமாக மோதி, காற்றே இல்லாத நாளிலும் ஏரி கொதிக்கும். ஜூலை 4 அன்று ஏரியிலுள்ள பிக் ஐலண்ட் தீவுப் பக்கம் படகோடு படகு கட்டி நிற்கும் கூட்டம் நம்மூர்த் தேர்த்திருவிழாவுக்குக் குறையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

இத்தனை பேர் புழங்கும் ஏரி என்பதால் விதிகளும் அடர்த்தி. ஏரியைச் சுற்றியுள்ள 14 நகரங்களுக்கும் பொதுவாக, 1967-இல் அமைக்கப்பட்ட மினடோங்கா ஏரிப் பாதுகாப்பு மாவட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. பகலில் மணிக்கு 40 மைல், இரவில் 20 மைல் என்பது வேக வரம்பு. வாய்க்கால்களிலும் கரையோரங்களிலும் அலை எழுப்பாமல் ஊர்ந்துதான் போக வேண்டும். நீர்மட்டம் மிகவும் ஏறினால் ஏரி முழுவதுக்குமே அந்தக் கட்டுப்பாடு வரும். இந்த அமைப்பின் தளத்தில் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மினடோங்காவில் விரும்புவது வார நாள் மாலையை. செவ்வாய், புதன் ஆறு மணிக்குமேல் ஏரி காலியாக இருக்கும். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிவரை வெளிச்சம். அலுவலகம் முடிந்து நேரே துறைக்குப் போக முடிகிறவர்களுக்கு இந்த ஏரியைப் பற்றிய புகார்களில் முக்கால்வாசி பொருந்தாது. வார இறுதியில் மட்டுமே நேரம் கிடைக்கும் என்றால் காலை எட்டு மணிக்குள் தண்ணீரில் இருங்கள், பதினொன்றுக்குக் கரையேறிவிடுங்கள்.

செயின்ட் கிராய்: பெயர் ஆறு, பாதி ஏரி

ஆறா, ஏரியா என்று பிரித்துப் பேசுகிறவர்களை இந்த ஆறு குழப்பிவிடும். ஸ்டில்வாட்டரிலிருந்து பிரெஸ்காட் வரையிலான சுமார் 25 மைல் அகன்று, ஆழ்ந்து, ஏரியாகவே கிடக்கிறது. அதற்கு செயின்ட் கிராய் ஏரி என்றே பெயர். மிசிசிப்பி கொண்டுவந்த வண்டல் வாயிலை அடைத்து நிற்பதால் உள்ளே தேங்கும் தண்ணீர் இது. நீரோட்டம் இருப்பதே தெரியாது. ஆனால் ஸ்டில்வாட்டருக்கு வடக்கே போகப் போக அது மறுபடி ஆறாகிவிடும்: மணல்திட்டுகள், கிளைக் கால்வாய்கள், முழங்கால் ஆழம். சென்ற வாரம் போன பாதையில் இந்த வாரம் புரொப்பெல்லர் மணலைக் கீறும்.

1968-இல் அமெரிக்கக் காங்கிரஸ் காட்டாறுகளைக் காக்கச் சட்டம் இயற்றியபோது முதல் எட்டு ஆறுகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது செயின்ட் கிராய். கீழ்ப்பகுதி 1972-இல் சேர்ந்தது. தேசியப் பூங்காத் துறையும் இரு மாநிலங்களும் கண்காணிப்பதால் கரையில் பெரும்பாலும் மாளிகைகள் வரிசை கட்டி நிற்பதில்லை. காடும் பாறையுமாக இருக்கும். தேநீர் நிறத்தில் தண்ணீர்; அழுக்கு என்று பயப்பட வேண்டாம், வடக்கே சதுப்புக் காடுகளின் இலைதழைகளிலிருந்து இறங்கும் சாயம் அது. பிரெஸ்காட்டில் இது மிசிசிப்பியோடு சேரும் இடத்தில் கருநிறமும் மண்பழுப்பும் தனித்தனியே ஓடுவதைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

இங்கே மனப்பாடமாக இருக்க வேண்டிய எண் ஒன்று: 683. ஸ்டில்வாட்டர் அளவுகோலில் நீர்மட்டம் 683 அடியைத் தொட்டால், கீழ் ஆறு முழுவதும் அலை எழுப்பாமல்தான் ஓட்ட வேண்டும். பனி உருகும் வசந்தத்திலும், வடக்கே கனமழை பெய்த ஜூனிலும் இது நடக்கும். உங்கள் வீட்டில் வெயில் அடிக்கும்; ஆற்றில் வெள்ளம் போகும். மரினாவில் (படகு நிறுத்தும் வாடகைத் துறையில்) பருவக் கட்டணம் முழுசாகக் கட்டிவிட்டு, ஐந்து மைல் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டிய வாரங்கள் சில ஆண்டுகளில் வருவதுண்டு. ஆற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு மரினா மேலாளரிடம் சண்டைபோட்டுப் பயனில்லை.

வெள்ளம் வடிந்தபின் இன்னொன்று. பெரிய மரத்தடிகள் பாதி மூழ்கியபடி மிதந்து வரும். முன்னால் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இந்த ஆற்றின் பக்கமே என் மனம் சாய்கிறது என்றால், அதற்குக் காரணம் மணற்கரைகள். ஹட்சன் பக்கமோ கின்னிகின்னிக் ஆறு வந்து சேரும் இடத்திலோ படகை மணலில் ஏற்றி நிறுத்திவிட்டு, பிள்ளைகளை ஓரத் தண்ணீரில் விளையாடவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். மினடோங்காவின் கரையில் பெரும்பகுதி தனியார் சொத்து. பார்த்துக்கொண்டே கடக்க வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: மணல்திட்டின் விளிம்பு சட்டென்று ஆழத்தில் முறியும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பிள்ளை இரண்டு எட்டு வைத்தால் ஆள் மூழ்கும் ஆழம். கரையில் விளையாடும்போதும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

மிசிசிப்பி: படிக்கத் தெரிந்தவர்களுக்கு

முதல் படகை வாங்கிக்கொண்டு மிசிசிப்பிக்குப் போகாதீர்கள். ஓராண்டு கழித்துப் போங்கள். இது சரக்குப் போக்குவரத்துக்கான ஆறு. 1930-இல் அனுமதிக்கப்பட்ட திட்டத்தின்படி 9 அடி ஆழமுள்ள கப்பல்வழியை அணைகளும் லாக்குகளும் (நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் அறைகள்) வைத்துக் காத்துவருகிறார்கள். அந்த வழிக்குள் இருக்கும்வரை கவலை இல்லை. வெளியே போனால் கண்ணுக்குத் தெரியாத கல்வரிசைகள் இருக்கின்றன: நீரை நடுவழிக்குத் தள்ளுவதற்காக 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கரையிலிருந்து குறுக்கே அடுக்கப்பட்டவை. இன்று தண்ணீருக்கடியில் சில அடி ஆழத்தில் கிடக்கின்றன. மேலே ஒரு மெல்லிய சுழிப்பு மட்டும் தெரியும். தெரியாமல் ஏறினால் எஞ்சினின் கீழ்ப்பாகம் கழன்றுவிடும்.

மிதவைகளைப் படிப்பது கடினமில்லை. மேல்நோக்கிப் போகும்போது சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். கீழ்நோக்கி வரும்போது மாறும். சரக்குப் படகுத்தொடர்களைத்தான் மதிக்க வேண்டும். மூன்று அகலம், ஐந்து நீளம் என்று 15 பார்ஜுகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும் இழுவைப் படகின் ஓட்டுநருக்கு, தன் முன்னால் வெகுதூரம் வரை தண்ணீரே தெரியாது. நிறுத்த நினைத்தாலும் வெகுதூரம் ஓடித்தான் நிற்கும். வழிவிட வேண்டியது நீங்கள்தான், எப்போதும்.

லாக்கில் நுழைவது பிள்ளைகளுக்கு மறக்க முடியாத அனுபவம், கட்டணமும் இல்லை. சுவரில் தொங்கும் கயிற்றை இழுத்தால் உள்ளே இருப்பவருக்குத் தெரியும். பச்சை விளக்கு வரும்வரை தள்ளியே நில்லுங்கள். சரக்குத் தொடர் வந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். உள்ளே போனபின் அவர்கள் தரும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், படகில் கட்டிவிடாதீர்கள். நீர் இறங்கும்போது கட்டிய கயிறு படகைத் தொங்கவிட்டுவிடும். செயின்ட் பாலிலிருந்து செயின்ட் கிராய்க்குப் போக ஹேஸ்டிங்ஸில் உள்ள 2-ஆம் எண் லாக்கைக் கடக்க வேண்டும். மினியாபோலிஸ் பக்கமோ, மேல் செயின்ட் ஆண்டனி லாக்கை 2015 ஜூனில் மூடிவிட்டார்கள், ஆசியக் கெண்டை மீன்கள் மேலேறாமல் தடுப்பதற்காக. எனவே அதற்கு மேலே உள்ள ஆறும் கீழே உள்ள ஆறும் படகுக்காரருக்கு இப்போது தனித்தனி.

ரெட் விங்குக்குக் கீழே மிசிசிப்பியே 22 மைல் நீளத்துக்கு ஏரியாக விரிகிறது: பெப்பின் ஏரி. சிப்பெவா ஆறு கொட்டிய மணல் அணைபோல் நிற்பதால் வந்த அகலம். 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் உலகில் முதன்முதலாக நீர்ச்சறுக்கு விளையாடியது இங்கேதான். 1890 ஜூலை 13 அன்று திடீர்ப் புயலில் சீ விங் என்ற நீராவிப் படகு கவிழ்ந்து 98 பேர் இறந்ததும் இங்கேதான். இரு பக்கமும் குன்றுகள் இருப்பதால் காற்று அந்தப் பள்ளத்தாக்கு வழியே நேராகப் பாய்ந்து வரும். அகன்ற நீர்ப்பரப்பு என்றால் சாது என்று நினைப்பவர்கள் பெப்பினில் ஒரு தெற்குக் காற்று நாளைப் பார்க்க வேண்டும்.

எந்தப் படகு, எந்த வண்டி

கோடையில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கும் வீடுகளில் முடிவு தானாகவே நடந்துவிடுகிறது: பான்டூன். தட்டையான தளம், சுற்றிலும் கம்பிவேலி, டாக்கிலிருந்து ஒரே எட்டில் ஏறிவிடலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கும் புடவை கட்டியவர்களுக்கும் வேறு எந்தப் படகும் இவ்வளவு வசதி இல்லை. ஏரிக்கும் செயின்ட் கிராயின் அகன்ற பகுதிக்கும் நன்றாகப் பொருந்தும். மிசிசிப்பியின் பின்னலைகளில் முன்பக்கம் தண்ணீரை அள்ளிவிடும். அங்கே V வடிவ அடிப்பாகம் கொண்ட படகே சரி. ஆற்றின் மேல்பகுதிகளில் சுற்றப் போகிறவர்களுக்குத் தட்டை அடியுள்ள அலுமினியப் படகு. மணலில் இடித்தாலும் நெளியுமே தவிர உடையாது.

பழைய பான்டூன் வாங்கி டிரெய்லரில் இழுத்துப் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் முதலில் தங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். நம்மவர்கள் விரும்பி வாங்கும் சியன்னா, ஒடிசி வேன்களின் இழுவைத் திறன் 3,500 பவுண்டைத் தாண்டாது. டிரெய்லர், எஞ்சின், எரிபொருளோடு சேர்த்து நடுத்தரப் பான்டூன் அதை எட்டிவிடும். அடுத்து வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகள். டவுன்ஹோம் வளாகங்கள் பலவற்றில் டிரைவ்வேயில் படகு நிறுத்தக் கூடாது.

டிரெய்லர் வேண்டாம் என்றால் மரினாவில் ஸ்லிப் (படகு நிறுத்தும் தனி இடம்) எடுக்க வேண்டும். ஒரு பருவத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். மினடோங்காவில் காத்திருப்போர் பட்டியலும் உண்டு. பழைய படகின் விலையைச் சில ஆண்டு ஸ்லிப் வாடகை எட்டிப் பிடித்துவிடும். ஆகவே முதல் கோடையில் எதையும் வாங்காதீர்கள். மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு முறை ஏரியிலும் ஒரு முறை செயின்ட் கிராயிலும் எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த ஆண்டு படகு மன்றத்தில் உறுப்பினராகுங்கள். படகைக் கழுவுவதும் குளிர்காலத்தில் அடைப்பதும் அவர்கள் பாடு.

சட்டம் சொல்வது

10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் படகு நகரும்போது லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நீச்சல் தெரியாத பெரியவர்கள் நிறைந்த நம் படகுகளில் எல்லாரும் போட்டுக்கொள்வதே முறை. ஏப்ரல், மே மாதத் தண்ணீரில் நீச்சல்காரரே சில நிமிடத்தில் கைகால் விறைத்துப்போவார்.

2025 ஜூலை 1 முதல், 2004 ஜூலை 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் மோட்டார் படகு ஓட்ட அனுமதிச்சீட்டு பெற வேண்டும். இந்த வரம்பு ஆண்டுதோறும் விரிந்து 2028-இல் 1987 ஜூலை 1 வரை போகும். வயது எதுவானாலும் அதற்கான இணையப் பாடத்தைப் படித்துவிடுங்கள். மிதவை, விளக்கு, வழிவிடும் முறை எல்லாம் அதில் இருக்கின்றன.

குடித்துவிட்டுப் படகு ஓட்டுவது இங்கே காரோட்டுவதைப் போன்றே குற்றம். அளவும் அதே 0.08. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இது அபராதத்தோடு முடியாது. போதையில் ஓட்டியதற்காகக் கைதானாலே விசாவை ரத்து செய்யும் வழக்கம் இருக்கிறது. ஓட்டுகிறவர் அன்றைக்கு மோர் குடிக்கட்டும்.

மீன்பிடிக்கும் ஆசை இருந்தால் ஆற்றுக்கு ஒரு சலுகை உண்டு. செயின்ட் கிராயும் மிசிசிப்பியும் விஸ்கான்சினோடு எல்லையாக ஓடும் பகுதிகளில் இரு மாநிலங்களில் எந்த உரிமம் இருந்தாலும் செல்லும்.

ஜீப்ரா மசல் என்ற விரல்நகச் சிப்பி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மினடோங்காவில் 2010-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கீழ் செயின்ட் கிராயிலும் இருக்கிறது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் ஒட்டியிருக்கும் பாசியைக் களைந்து, தண்ணீரை வடித்து, அடிப்பக்க அடைப்பானைக் கழற்றிவிட்டுத்தான் சாலையில் படகை இழுக்க வேண்டும். மறந்தால் அபராதம். பழைய டாக்கோ படகுத் தூக்கியோ வாங்கினால் வேறு ஏரியில் இறக்குமுன் 21 நாள் உலரவைக்க வேண்டும். சனிக்கிழமை ஏரி, ஞாயிற்றுக்கிழமை ஆறு என்று ஒரே படகை இரண்டிலும் விட நினைப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்த வேலை உண்டு.

ஸ்லிப்புக்குக் கையெழுத்துப் போடுமுன்

சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஆற்று மரினா என்றால்: சென்ற மூன்று ஆண்டுகளில் வெள்ளத்தால் எத்தனை வாரம் படகு வெளியேற முடியவில்லை, அந்த வாரங்களுக்குக் கழிவு உண்டா, ஆகஸ்ட்டில் நீர் குறையும்போது உங்கள் ஸ்லிப்பில் எத்தனை அடி ஆழம் மிஞ்சும், கார் நிறுத்துமிடம் வெள்ளத்தில் மூழ்குமா. ஏரி மரினா என்றால்: ஸ்லிப்பிலிருந்து திறந்த நீருக்குப் போக எத்தனை நிமிடம் ஊர வேண்டும், வாய்க்கால் பாலத்தின் உயரத்துக்கு உங்கள் படகுக் கூரை அடங்குமா, விருந்தினர் கார் எத்தனை நிறுத்தலாம். இரண்டுக்கும் பொதுவாக: காப்பீடு எவ்வளவுக்கு எடுத்திருக்க வேண்டும், படகை விற்றால் ஸ்லிப் புது உரிமையாளருக்குப் போகுமா, எந்தத் தேதிக்குள் காலிசெய்ய வேண்டும்.

அந்தக் கடைசித் தேதி பெரும்பாலும் அக்டோபரில் வரும். அதற்குள் எஞ்சினிலிருந்து தண்ணீரை முழுவதும் வடித்து உறைதடுப்புத் திரவம் ஏற்றாவிட்டால், முதல் கடுங்குளிரில் உள்ளே தங்கிய நீர் உறைந்து எஞ்சின் பாளம் வெடித்துவிடும். இந்த வேலைக்கான முன்பதிவுகள் செப்டம்பரில் வரும் தொழிலாளர் தின வாரத்திலேயே நிரம்பத் தொடங்குகின்றன. பழைய படகுகள் விலை இறங்கி விற்பனைக்கு வருவதும் அதே நாட்களில்தான். அப்போது வாங்குகிறவர், குளிர்கால அடைப்புச் செலவை விற்பவர் தலையில் கட்டப் பேரம் பேசலாம்.